ஹெல்மெட்டுக்குப் பிறகான பீட்டர் செக்

"2006-ல் மண்டை உடைந்த பிறகு பீட்டர் செக் பழைய கோல்கீப்பராகத் திரும்பவே இல்லை, பெயரை வைத்துத்தான் மீதிக் காலத்தை ஓட்டினார் என்று நண்பர் சொல்கிறார், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் வாலில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் 12 வயது மகனும் கோல்கீப்பர். போன மாதம் ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பையனின் முழங்கால் அவன் நெற்றியில் பட்டுவிட்டது. இப்போது காலடிக்குப் பந்து வந்தால் பின்வாங்குகிறான். செக் போட்ட மாதிரி ஹெல்மெட் வாங்கித் தரலாமா என்று கேட்கிறீர்கள். அடிபட்ட இடத்துக்கே திரும்பிப் போய்ப் பயமில்லாமல் நிற்க முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. முதலில் செக்கைப் பார்ப்போம், பிறகு உங்கள் மகனுக்கு வருகிறேன்.

நான் பதினோரு வருடம் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவன். அதன்பின் பதினாறு வருடமாகப் பள்ளி, கல்லூரிப் பையன்களுக்கு கோல்கீப்பிங் சொல்லிக்கொடுக்கிறேன். செக் லண்டனின் செல்சி கிளப்புக்கு வந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை கிடைத்த ஆட்டத்தையெல்லாம், பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் கவனித்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு சிறு பங்கு நியாயம் உண்டு. ஆனால் அவர் வந்து நிற்கும் முடிவு தவறு. செக் மாறினார், ஆனால் சரிந்துவிடவில்லை. இதில் எது பதிவில் இருப்பது, எது என் கண் சொல்வது என்று பிரித்தே எழுதுகிறேன்.

அடிபடுவதற்கு முன் அவர் யார் என்று தெரிந்தால்தான் மாற்றம் புரியும். 1982 மே 20 அன்று இன்றைய செக் குடியரசின் பில்சன் நகரத்தில், ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று குழந்தைகளில் ஒருவர். சிறுவனாக முன்வரிசையில் ஆடியவர். பத்து வயது வாக்கில் கால் உடைந்ததும் கோலுக்குள் போய் நின்றார், அப்படியே நின்றுவிட்டார். பிற்பாடு எவ்வளவு நெருக்கடியிலும் இடது காலால் பதறாமல் பந்தை விளையாடிக் கொடுப்பாரே, அதில் அந்தப் பழைய ஃபார்வர்டைப் பார்க்கலாம். ஸ்பார்ட்டா ப்ராக் அணியில் சேர்ந்த சமயத்தில் செக் குடியரசு லீக்கில் 900 நிமிடத்துக்கு மேல் கோலே விடாமல் நின்றார். 2002-ல் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸை பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்கடித்தபோது கோலில் நின்றவர் இவர். அதே வருடம் பிரான்ஸின் ரென் கிளப்புக்குப் போனார். அங்கேதான் கிறிஸ்டோஃப் லோலிஷோன் என்ற கீப்பர் பயிற்சியாளரிடம் வந்து சேர்ந்தார். 2004 தொடக்கத்தில் செல்சி சுமார் 70 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது.

செல்சியில் அப்போது கார்லோ குடிச்சினி முதல் கீப்பர். ரசிகர்களின் செல்லம், திறமையிலும் குறைவில்லை. சீசன் தொடங்கும் முன் அவருக்கு முழங்கையில் காயம். மேனேஜர் மொரினியோ 22 வயது செக்கை நிறுத்தினார். 2004 ஆகஸ்ட் 15, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக முதல் ஆட்டம், 1-0 வெற்றி. அந்த இடத்தை அதன்பின் அவர் பத்து வருடம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த முதல் சீசனில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் செல்சி வாங்கிய கோல் மொத்தமே 15. செக் மட்டும் 24 ஆட்டங்களில் கோல் விடவில்லை, ஒரு சீசனுக்கு அதுதான் இன்றும் சாதனை. 2004 டிசம்பரில் ஆர்சனல் ஆட்டத்துக்குப் பிறகு, 2005 மார்ச் 5 அன்று நாரிச்சின் லியோன் மெக்கென்சி தலையால் முட்டிப் போடும்வரை, 1,025 நிமிடம் அவர் வலை அசையவில்லை. அதைப் பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் வான் டெர் சார் முறியடித்தார்.

முன்னால் டிஃபெண்டர்கள் டெரி, கார்வால்யோ, அவர்களுக்கும் முன்னால் நடுக்களத்தில் மகலேலே நின்றால் யார் வேண்டுமானாலும் கிளீன் ஷீட் (கோலே விடாத ஆட்டம்) வைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி சரி. அந்த அரண் மிகப் பெரியது. ஆனால் அந்த அரண் அவ்வளவு மேலேறி நிற்க முடிந்ததற்குக் காரணமே பின்னால் நின்ற 1.96 மீட்டர் ஆள்தான். டிஃபெண்டர்களுக்குப் பின்னால் விழும் பந்தை அவரே ஓடிவந்து முடித்துவிடுவார். கார்னரில் ஆறு கெஜக் கட்டத்துக்கு வெளியே கூட்டத்துக்கு நடுவில் எழும்பி, பஞ்ச் செய்யாமல் இரண்டு கையாலும் பிடிப்பார். குத்தித் தள்ளினால் பந்து மறுபடி யார் காலிலோ போய் விழும். பிடித்துவிட்டால் அந்தத் தாக்குதல் அங்கேயே செத்துவிடும். 2004-06 செக்கின் உயிர்நாடி அதுதான்: தயங்காமல் வெளியே வருவது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ரீடிங் அணிக்கு எதிரான அந்த ஆட்டம். 2006 அக்டோபர் 14, அவர்களுடைய மடெய்ஸ்கி மைதானம். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பெனால்டி பாக்ஸுக்குள் உருண்டு வந்த பந்தை எடுக்க செக் கீழே சரிகிறார். எதிரே முழு வேகத்தில் ஓடிவரும் ஸ்டீஃபன் ஹன்ட்டின் வலது முழங்கால் அவர் தலைப் பக்கத்தில் மோதுகிறது. காலடியில் விழும் கலையை நாங்கள் பையன்களுக்கு எப்படிச் சொல்லித் தருவோம் தெரியுமா? கை முதலில், நெஞ்சு அடுத்து, தலை கடைசியில். உடம்பைப் பக்கவாட்டில் நீட்டி நெடுஞ்சுவராகப் போட வேண்டும், முகத்தை மேல் கைக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும். அன்று அவர் செய்ததில் பாடப் பிழை எதையும் நான் காணவில்லை. பந்து கையில் சேர்ந்துவிட்டது. ஆனால் பந்தை அணைத்துக்கொள்ளும் அந்த ஒரு நொடியில் தலை திறந்தே இருக்கும். அதை எந்தப் பயிற்சியும் முழுக்க மூடிவிட முடியாது.

மண்டை ஓடு உள்நோக்கி அமுங்கி உடைந்திருந்தது. முதலில் ரீடிங்கிலேயே ஒரு மருத்துவமனை, பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை, உலோகத் தகடுகள். உயிருக்கே ஆபத்தாகியிருக்கக்கூடிய காயம் என்று அப்போது பேசப்பட்டது. அதே ஆட்டத்தின் கடைசியில், அவருக்குப் பதிலாக வந்த குடிச்சினியும் மோதலில் நினைவிழந்து விழ, டிஃபெண்டர் ஜான் டெரி கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். செல்சி 1-0 என ஜெயித்தது. ஹன்ட் வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. செல்சி தரப்பு கொதித்தது. நடுவர் அதற்கு கார்டு காட்டவில்லை. ஒருவர் மனதில் என்ன இருந்தது என்று பத்து விநாடி வீடியோவை வைத்துத் தீர்ப்பு எழுதுவது தவறு என்பது என் எண்ணம். விளைவு மட்டும் தெளிவு: செக்கை மருத்துவமனைக்குக் கொண்டுபோன விதம் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது, அதற்குப் பிறகு பிரீமியர் லீக் மைதானங்களில் ஆட்டக்காரர்களுக்கென்றே ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது.

மூன்று மாதத்தில் திரும்பினார். 2007 ஜனவரி 20, ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக. ரக்பி ஆட்டக்காரர்கள் தலையைக் காக்க மாட்டிக்கொள்வது போன்ற, தாடைக்குக் கீழே பட்டை கட்டிய கறுப்புக் கவசம் தலையில். நான்காவது நிமிடத்தில் லிவர்பூலின் கைட் ஒரு கோல், பதினெட்டாவது நிமிடத்தில் பென்னன்ட் தூரத்திலிருந்து அடித்தது மேல் கம்பத்தில் பட்டு உள்ளே. 0-2. அன்று இரவு பலரும் எழுதினார்கள், இவர் கதை முடிந்தது என்று. உங்கள் நண்பர் சொல்வது அன்றைக்கு முளைத்த பேச்சின் மிச்சம்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். லீக்கில் தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் கோல் விடவில்லை. மார்ச் 2007-க்கான பிரீமியர் லீக்கின் மாதச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. 1,025 நிமிடம் கோல் விடாமல் நின்ற சீசனில்கூட அவருக்குக் கிடைக்காத விருது, மண்டையில் தகடு வைத்த பிறகு கிடைத்தது. அந்த மே மாதம் புதிய வெம்ப்ளியில் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், ரூனியும் ரொனால்டோவும் கிக்ஸும் இருந்த மான்செஸ்டர் யுனைடெட்டை 120 நிமிடமும் கோல் போடவிடாமல் நிறுத்தினார். செல்சியின் ட்ரோக்பா ஒன்று போட்டார், கோப்பை வந்தது. இவை எல்லாம் பதிவில் இருப்பவை. "திரும்பவே இல்லை" என்ற வாதம் இங்கேயே நிற்காமல் போகிறது.

அப்படியானால் நண்பர் சொல்வதில் நான் ஒப்புக்கொண்ட அந்தச் சிறு பங்கு எது? 2008-ஐப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் பயிற்சியில் சக ஆட்டக்காரர் ஒருவரோடு மோதி முகவாயும் உதடும் கிழிந்து, மீண்டும் அறுவை, ஐம்பது தையல் அளவுக்கு. மறு மாதம் மாஸ்கோவில், ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஷூட்-அவுட்டில் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் பெனால்டியைத் தடுத்தும் செல்சி தோற்றது. பிறகு ஜூன் 15, ஜெனீவா, யூரோ கோப்பை. துருக்கிக்கு எதிராக செக் குடியரசு 2-0 என முன்னிலை. 75-வது நிமிடத்தில் துருக்கியின் ஆர்டா ஒன்று போடுகிறார். 87-வது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து ஒரு கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னே தூக்கி அடிக்கும் பந்து. மழை பெய்த மைதானம், ஈரப் பந்து. ஆனாலும் செக்குக்கு அது கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற பந்து. கைக்கு வந்து நழுவி, கீழே நின்ற நிஹாத்தின் காலடியில் விழுந்தது. 2-2. இரண்டு நிமிடத்தில் நிஹாத்தே இன்னொன்று. ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் இரண்டு அணிக்கும் எல்லாக் கணக்கும் ஒன்றாகி, குரூப் சுற்றிலேயே ஷூட்-அவுட் வந்திருக்கும். உலகத்திலேயே பெனால்டிக்கு மிகவும் தயாரான கீப்பர் ஒருவர் கோலில் இருக்கும்போது, அது வராமலே போய்விட்டது.

அந்தப் பந்து நழுவியதற்கு ரீடிங் காயம்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஈரப் பந்து எந்தக் கீப்பருக்கும் நழுவும். ஆனால் அடுத்த இரண்டு சீசன்களில் நான் கண்டது ஒன்று உண்டு, இது என் கண் சொல்வது மட்டுமே. பழைய செக் கிராஸ் உதைபடும்போதே முதல் அடியை முன்னால் வைத்திருப்பார். 2008-09-ல் அந்த முதல் அடி சில சமயம் பக்கவாட்டில் போனது. பந்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, பிறகு கிளம்பினார். கார்னரில் பிடிப்பது குறைந்து பஞ்ச் செய்வது கூடியது. அரை அடித் தாமதம்தான், ஆனால் கிராஸில் அரை அடி என்பது முழுப் பந்து.

இதே அரை அடியை என் பையன்களிடம் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு பதினேழு வயதுக் கீப்பர் ஒருவன் புருவம் கிழிந்து ஆறு வாரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தான். தூரத்து ஷாட்டுகளை முன்பைவிட நன்றாகவே பிடித்தான். "பயமா இருக்காடா?" என்றால் "இல்ல சார்" என்பான், பொய்யும் சொல்லவில்லை. ஆனால் ஒற்றைக்கு ஒற்றை ஃபார்வர்ட் ஓடிவரும்போது, அவன் அறியாமலேயே தலை பின்னால் சாய்ந்தது. தலை சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும். எடை குதிகாலில் இருக்கிறவன் முன்னால் விழ முடியாது. பயம் அவன் வாயில் வரவில்லை, குதிகாலில் உட்கார்ந்திருந்தது. செக்குக்கும் அப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. இன்னொருவர் உடம்புக்குள் நடப்பதை வெளியிலிருந்து அளக்க வழி இல்லை. அதே காலத்தில் செல்சியில் மேனேஜர்கள் வரிசையாக மாறினார்கள் என்பதையும், பின்வரிசை நிற்கும் விதமே மாறிப்போனதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எல்லோரும் அவரைத் திட்டிய அந்த 2008-09 சீசனில் லீக்கில் செல்சி வாங்கிய கோல் 24 மட்டுமே. சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியதும் அதே 24. அதைவிடக் குறைவாக வாங்கிய அணி அந்த வருடம் இல்லை. அடுத்த சீசன் மேனேஜர் ஆன்செலோட்டியின் கீழ் செல்சி 103 கோல் அடித்துச் சாம்பியனானது. அந்த வெறித் தாக்குதல் ஆட்டத்துக்குப் பின்னால் தனியாக நின்றபடி 17 ஆட்டங்களில் கோல் விடாமல் இருந்து, சீசனில் அதிக கிளீன் ஷீட் வைத்த கீப்பருக்கான கோல்டன் க்ளவ் விருதை வாங்கினார். பெயரை வைத்து ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு வராது.

அவர் உண்மையில் என்ன ஆனார் என்றால், தைரியத்தால் ஆடிய கீப்பர் தயாரிப்பால் ஆடும் கீப்பரானார். ரென்னில் அவரை வளர்த்த லோலிஷோன் 2007-ல் செல்சிக்கே வந்துசேர்ந்தது இதில் பெரிய பங்கு என்று நம்புகிறேன். வெளியே வருவதில் குறைந்ததை, எங்கே நிற்பது என்பதில் ஈடுகட்டினார். நண்பரிடம் ஒரே ஒரு ஆட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் 2012 மே 19, மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தைக் காட்டுங்கள். எதிரணி பயர்ன் மியூனிக், மைதானமும் பயர்னுடையது. 83-வது நிமிடத்தில் பயர்னின் முல்லர் தலையால் ஒன்று. 88-ல் ட்ரோக்பா பதில் கோல். கூடுதல் நேரம் தொடங்கிய சில நிமிடங்களில் ட்ரோக்பாவே ரிபெரியை இடறிவிட, பயர்னுக்குப் பெனால்டி. உதைக்க வந்தவர் ஆர்யென் ராபன், செல்சியில் மூன்று வருடம் செக்கோடு ஆடியவர்.

அந்தப் பெனால்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ராபன் ஓடத் தொடங்கும்போது செக் அசையவில்லை. சிறு துள்ளல்கூட இல்லை. ராபனின் நிற்கும் கால் தரையில் ஊன்றிய கணத்தில்தான் கிளம்புகிறார். பந்து தாழ்வாக வருகிறது. முதலில் உடம்பில் பட்டு அடங்காமல் துள்ளப் பார்க்கிறது. இரண்டாவது முயற்சியில் தன் எடையையே அதன்மேல் போட்டு அமுக்குகிறார். அந்த இரண்டாவது அசைவுதான் எனக்கு முக்கியம். அந்தக் கணத்தில் பெனால்டி பாக்ஸ் விளிம்பிலிருந்து பத்துப் பேர் அந்தப் பந்தை நோக்கிப் பாய்கிறார்கள். தரையில் படுத்திருக்கும் அவர் தலை, ஓடிவரும் கால்களுக்கு நேரே. ரீடிங்கில் இருந்த அதே நிலை. அவர் தலையைத் திருப்பவில்லை, பந்தைத்தான் அணைக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் உடைந்தது ஒட்டியதா என்று கேட்டால், என் பதில் அந்த ஒரு விநாடி.

பிறகு ஷூட்-அவுட். ராபனையும் சேர்த்து அன்று பயர்ன் உதைத்த பெனால்டி ஆறு. ஆறிலும் செக் சரியான பக்கமே பாய்ந்தார். பயர்ன் ஐந்து வருடமாக உதைத்த பெனால்டிகளை இரண்டு மணி நேர வீடியோவாகத் தொகுத்துப் பார்த்துவிட்டு வந்ததாக ஆட்டம் முடிந்ததும் செய்திகள் வந்தன. லாம், கோமஸ், பயர்னின் கீப்பராக இருந்தும் தானே வந்து உதைத்த நோயர், மூவரும் போட்டுவிட்டார்கள். செல்சியின் மாட்டா தவறவிட்டதால் செல்சி பின்தங்கியிருந்தது. நான்காவதாக ஓலிச்: செக் இடம் பார்த்து விழுந்து தடுத்தார். ஐந்தாவதாக ஷ்வைன்ஸ்டைகர்: செக்கின் விரல் நுனி உரசிப் பந்து கம்பத்தில். கடைசியாக ட்ரோக்பா. செல்சியின் முதல் சாம்பியன்ஸ் லீக். மறுநாள் செக்குக்கு முப்பது வயது.

அதற்குப் பிறகான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014 ஏப்ரலில் மாட்ரிட்டில் அட்லெடிகோவுக்கு எதிராகத் தோள் விலகியது. அந்தக் கோடையில், அதே அட்லெடிகோவில் மூன்று வருடம் இரவல் ஆடிய செல்சியின் இன்னொரு கீப்பர் கோர்ட்வா திரும்பி வந்தார், இடத்தையும் எடுத்துக்கொண்டார். அந்த அக்டோபரில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஆர்சனல் ஆட்டத்தில் அலெக்சிஸ் சான்செஸோடு மோதி கோர்ட்வாவுக்குத் தலையில் அடி. எழுந்து சில நிமிடம் ஆடியும்விட்டார், பிறகுதான் வெளியேற்றினார்கள். உள்ளே வந்தவர் ஹெல்மெட் போட்ட செக். அடிபட்டவனை அப்படி எழுந்து ஆடவிடுவது எவ்வளவு ஆபத்து என்பது உலகத்துக்கு மெல்லத்தான் உறைத்தது. தலையில் அடிபட்டவருக்கென்று தனி மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி பிரீமியர் லீக்கில் 2021-ல்தான் வந்தது.

2015-ல் செக் ஆர்சனல் போனார். பன்னிரண்டு, பதினைந்து புள்ளி கூடுதலாகப் பெற்றுத் தருவார் என்று டெரி சொன்னது பெரிதாகப் பேசப்பட்டது. அது நடக்கவில்லை. ஆர்சனல் இரண்டாமிடம் வந்தது, ஆனால் எடுத்த புள்ளி முந்தைய சீசனைவிட நான்கு குறைவு. முதல் ஆட்டத்திலேயே வெஸ்ட் ஹாமுக்கு எதிராக அவர் தவறால் கோல் போனது. ஆர்சனல் காலத்தில் வேகம் குறைந்தது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை, முப்பத்து மூன்று வயதுக்கு மேல் எல்லாக் கீப்பருக்கும் குறையும். ஆனாலும் அந்த முதல் சீசனில் 16 கிளீன் ஷீட், நான்காவது முறையாக கோல்டன் க்ளவ், டேவிட் ஜேம்ஸின் மொத்தம் 169 கிளீன் ஷீட் என்ற பழைய சாதனையும் அந்த டிசம்பரில் உடைந்தது. 2018 மார்ச் 11, வாட்ஃபோர்டின் ட்ராய் டீனி உதைத்த பெனால்டியைத் தடுத்தார். ஆர்சனலுக்காக அவர் தடுத்த முதல் பெனால்டி அது. அந்த ஆட்டத்தோடு 200 கிளீன் ஷீட். கடைசியில் 443 லீக் ஆட்டங்களில் 202. பிரீமியர் லீக்கில் வேறு எவரும் இருநூறைத் தொட்டதில்லை. அந்த 202-ல் பெரும்பகுதி ரீடிங்குக்குப் பிறகு வந்தது என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். 2019 மே மாதம் பாக்கு நகரத்தில் யூரோப்பா லீக் இறுதியோடு ஓய்வு. எதிரணியாக நின்றது செல்சி, 4-1 தோல்வி.

இப்போது உங்கள் மகன். ஹெல்மெட் பற்றி முதலில். செக் அதை அணிந்தது உடைந்து, அறுத்து, தகடு வைத்த இடத்தில் மறுபடி நேரடி அடி விழக்கூடாது என்பதற்காக. ஓய்வு பெறும்வரை கழற்றவில்லை. அந்த வகை மெத்துக் கவசம் தோல் கிழிவதையும் நேரடி இடியின் வேகத்தையும் குறைக்கும். மூளை உள்ளே குலுங்குவதால் வரும் அதிர்ச்சியை அது தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அப்படித் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆட்ட விதிகள் மென்மையான கவசத்தை அனுமதிக்கின்றன, ஆகவே அணிவதில் தடை இல்லை. மருத்துவர் வேண்டும் என்றால் வாங்கிக் கொடுங்கள். அவர் தேவையில்லை என்றால், பயத்தைப் போக்கும் தாயத்தாக நினைத்து வாங்காதீர்கள். கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் தலையை முன்னால் கொண்டுபோய் விழுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன், அது இன்னும் ஆபத்து.

அதற்கு முன் ஒரு கேள்வி உங்களுக்கு. அடிபட்ட அன்று அவன் வாந்தி எடுத்தானா, தலை சுற்றியதா, அதற்குப் பிறகு தலைவலி, தூக்கக் கோளாறு, படிப்பில் கவனமின்மை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மைதானத்தை மறந்துவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எதுவும் இல்லை என்றாலும் ஒரு மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொன்ன பிறகே காலடியில் விழும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அவன் ஆடலாமா கூடாதா என்று முடிவுசெய்ய எனக்கோ அவன் பயிற்சியாளருக்கோ தகுதி கிடையாது.

மருத்துவர் சரி என்றால், வீட்டு மாடியிலோ புல்தரையிலோ இப்படித் தொடங்குங்கள். அவன் மண்டியிட்டு உட்காரட்டும். நீங்கள் மூன்று அடி தள்ளி நின்று பந்தை உருட்டுங்கள். கை முதலில் போகிறதா என்று மட்டும் பாருங்கள், பிடித்தானா விட்டானா என்று பார்க்காதீர்கள். நாலைந்து நாள் கழித்துக் குந்திய நிலையிலிருந்து, பிறகு நின்ற நிலையிலிருந்து. அதன்பின் நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பந்தை நோக்கி மெதுவாக நடந்து வாருங்கள். ஓட வேண்டாம், நடந்தால் போதும். அவன் விழுந்து பந்தை அணைக்கும்போது நின்றுவிடுங்கள். அப்பாவின் கால் தன் தலைக்கு அருகே வந்து நிற்பதை அவன் உடம்பு இருபது முப்பது தடவை பார்க்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது அவன் முகத்தையோ கையையோ அல்ல, குதிகாலை. அது தரையை விட்டு எழும்பி எடை முன்னால் வருகிற நாளில், காலில் ஷூ மாட்டிக்கொண்டு கொஞ்சம் வேகமாக வாருங்கள். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறான் என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.